எண்ணைச் சொல்லி எழுதுவித்தல்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வாயாற் சொன்னதைக் கைப்பேசி எழுதித் தரும் காலம் இது. 2017ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத நம் மூத்தோர்க்கு இஃது அரிய துணை. ஆயினும் எண்ணும் குறியும் வருமிடத்தில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

தொடக்கக் காலக் கருவிகள் கற்றவை எண்களே. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் அமைத்த ‘ஆட்ரி’ 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களைக் கேட்டறிந்தது. 1962இல் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்களை அறிந்தது. அவற்றுள் 10 இலக்கங்கள். ஏனையவை கூட்டல், கழித்தல் போன்ற கட்டளைகள்.

இன்றைய மென்பொருள் ஒலியை மட்டும் நம்புவதில்லை. முன்பின் வரும் சொற்களைக் கொண்டு ஊகிக்கவும் செய்கிறது. ‘ஆறு பெருகியது’ என்றால் நீரோடும் ஆறு. ‘ஆறு பேர்’ என்றால் எண். வாக்கியத்தில் இவ்வூகம் உதவும். வங்கிக் கணக்கு எண்ணிலோ ஓர் இலக்கத்திற்குப் பின் எவ்விலக்கமும் வரலாம். அங்கே ஊகத்திற்குப் பிடிமானம் இல்லை.

எம் பள்ளி மாணவி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்காக வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைச் சொல்லி எழுதுவித்தாள். அக்குறியீடு 11 இடங்களைக் கொண்டது. முதல் நான்கும் ஆங்கில எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் சுழியம். அவளோ பழக்கத்தால் ‘ஓ’ என்றாள். இயந்திரமும் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தையே இட்டது. அருகிருந்த நாமும் பிழையைக் காணவில்லை. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, காரணம் புலப்பட்டதோ கடைசி நாள் மாலையில்தான்.

ஆகவே, இளைஞர்களே, ‘ஓ’ என்னாமல் ‘சீரோ’ என்றே சொல்லுங்கள். நீண்ட எண்ணை ஆயிரம், நூறு எனத் தொகுக்காமல் இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். டிராகன் என்னும் ஆங்கில மென்பொருளில் ‘நியூமரல்’ என்று முன்னே சொன்னால், எண் சொல்லாக வராமல் இலக்கமாக வரும். சாய்கோட்டிற்கு ‘ஸ்லாஷ்’, சிறுகோட்டிற்கு ‘ஹைபன்’ என்பது போல் ஆங்கிலத்தில் குறிகளுக்குப் பெயருண்டு. குறியை விடுத்து அதன் பெயரையே மென்பொருள் எழுதுமாயின், கையால் இடுவதே நலம். ஆதார் எண்ணைப் பலர் கூடியவிடத்தில் உரக்கச் சொல்லலாகாது.

முதியவர் ஒருவருக்கு எழுதித் தரும்போது, இயந்திரம் இட்ட எண்ணை அவருடைய கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, அவர் செவிகேட்கப் படித்துக் காட்டுங்கள். பிறர் எழுதிய தாளில் இன்னது உள்ளதென்று அறியாமல் கைநாட்டு வைத்து, நிலமும் கூலியும் இழந்தவர் நம் முன்னோருள் பலர். இயந்திரம் எழுதியதைப் படித்துப் பாராமல் ஒப்புக்கொள்வோமாயின் நாமும் அந்நிலைக்கே மீள்வோம். அதற்காக அன்று இக்கழகம் தொடங்கப்பெற்றது.