கையும் கருவியும்: மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மின்னணுத் துணை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் கற்பிக்கும் ஒருத்தி மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாளே என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. அதற்குக் காரணம் நீங்களே. சென்ற திங்கள் கூட்டத்தில், வெண்பாவில் தளை தட்டும் இடத்தைச் சுட்டிக்காட்டும் கணினி நிரல் மரபுக் கவிதையைக் கெடுத்துவிடுமா என்று இரவு ஒன்பது மணி வரை வாதிட்டோம். முடிவு காணாமலே கலைந்தோம். வீடு திரும்பியபோது என் மகன் தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். "இப்போதெல்லாம் பாதி வண்டியைக் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது, அம்மா" என்றான். நாம் வாதிட்ட அதே வழக்கு வேறொரு களத்தில் நெடுநாளாக நடந்துவருவதை அதன்பிறகுதான் அறிந்தேன். அங்கே சான்றுகள் மிகுதி. ஆகவே அவற்றை இவ்வவைக்குக் கொண்டுவந்தேன்.

உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடர் 1949-இல் தொடங்கியது. அதன் முதன்மைப் பிரிவில் 2001 வரை 500 சிசி வண்டிகள் ஓடின. 2002-இல் 990 சிசி நான்கு வீச்சு எஞ்சின்கள் புகுந்தன. பழைய வண்டியில் ஓட்டுநரின் வலக்கைக்கும் எஞ்சினுக்கும் இடையே இருந்தது ஒரு கம்பி. கைப்பிடியை முறுக்கினால் கம்பி இழுபடும், எரிபொருள் பாயும், அவ்வளவே. இன்று அம்முறுக்கு ஒரு விண்ணப்பம். கை கேட்கிறது, கணினி ஆராய்ந்து கொடுக்கிறது. முன்சக்கரமும் பின்சக்கரமும் சுழலும் வேகத்தை அது ஒப்பிடுகிறது; வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கிறது; பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் கண்ணிமைக்கும் முன்னரே ஆற்றலைக் குறைக்கிறது. முன்சக்கரம் வானோக்கி எழாமல் அமர்த்துவதும் புறப்பாட்டைச் சீராக்குவதும் அதன் பிற பணிகள்.

இவை இல்லாத காலத்தில் நேர்ந்தது என்ன? வளைவிலிருந்து சாய்ந்தபடி வெளியேறும் வீரர் கைப்பிடியை மயிரிழை கூடுதலாக முறுக்கிவிட்டால் பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும். அஞ்சிக் கையைச் சட்டெனத் தளர்த்தினாலோ, டயர் திடுமெனத் தரையை மீண்டும் பற்றும். சாய்ந்த வண்டி சிலிர்த்து நிமிர்ந்து வீரரைத் தலைக்குமேல் தூக்கி எறியும். அன்றைய எஞ்சின்களின் ஆற்றல் குறுகிய எல்லைக்குள் திடீரெனப் பொங்குவது. அதை அளந்து வெளிவிட வேண்டியது ஒரு மணிக்கட்டு மட்டுமே.

அகநானூற்றுத் தலைவன் ஒருவன், தேன் உண்ணும் வண்டுகள் கலங்குமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரையும் தேரைப் பாடிய நம் முன்னோர், விரைவினூடே மென்மை காக்கும் நெஞ்சையும் பாடியிருக்கின்றனர். பழைய பந்தயப் படங்களைக் காணும்போது எனக்கு அந்தத் தலைவனே நினைவுக்கு வருகிறான். பின்சக்கரம் புகைய, கரிய கோடு வரைந்தபடி வளைவைக் கடக்கும் வண்டியில், கையின் நுண்மை கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய வண்டியோ தண்டவாளத்தில் செல்வதுபோல் செல்கிறது. திறம் இருக்கலாம், காண்போருக்கு அது புலப்படுவதில்லை. மின்னணுத் துணை பந்தயத்தைக் கெடுத்தது என்போரின் வாதங்களுள் வலிமையானது இதுவே. நானும் முதலில் அப்பக்கமே நின்றேன்.

என்னை அசைத்தவை இரண்டு பெயர்கள். 1992-இல் புள்ளிகளில் முந்தி நின்ற ஆஸ்திரேலியர் மிக் டூஹன், நெதர்லாந்தின் அஸ்ஸன் தடத்தில் விழுந்து வலக்காலை இழக்கும் நிலைக்கு ஆளானார். கால் தப்பியது, பட்டம் நான்கு புள்ளிகளில் தவறியது. அதை வென்ற அமெரிக்கர் வெய்ன் ரெய்னி, அடுத்த ஆண்டு 1993 செப்டம்பரில் இத்தாலியின் மிஸானோவில் முன்னணியில் செல்கையில் வீழ்ந்தார், முதுகெலும்பு முறிந்தது, அன்றுமுதல் சக்கர நாற்காலி. "ஆபத்தில்தான் அழகு" என்று எழுதுவது எளிது. என் தம்பி 2004-இல் மழை நனைத்த சாலையில் பிரேக்கை அழுத்த, சக்கரம் பூட்டிக்கொண்டு விழுந்தான். அவன் முழங்கை இன்றும் முழுமையாக நீள்வதில்லை. பந்தயம் வேறு, சாலை வேறுதான்; ஆயினும் அத்தொடரை என்னால் அமைதியாகக் கேட்க இயலவில்லை.

துணை என்றாலே மின்னணு என்று கொள்வதும் பிழை. அதே 1992-இல் ஹோண்டா நிறுவனம் நான்கு உருளைகளும் அடுத்தடுத்து நெருங்கி வெடிக்குமாறு எஞ்சினை மாற்றியமைத்தது. வெடிப்புகளுக்குப் பின் சற்று இடைவெளி. அவ்விடைவெளியில் டயர் பிடிமானத்தை மீட்டுக்கொள்ளும். கணினியின்றியே ஓட்டுதல் எளிதாயிற்று. டூஹனோ 1997-இல் சீரான இடைவெளியில் வெடிக்கும் பழைய முரட்டு எஞ்சினைக் கேட்டு வாங்கி, 15 பந்தயங்களில் 12-ஐ வென்றார்!

கணினி வந்தபின் எல்லாரும் ஒன்றாகிவிட்டனரா? 2007-இல் கேசி ஸ்டோனர் டுகாட்டி வண்டியில் 18 பந்தயங்களில் 10-ஐ வென்று பட்டம் பெற்றபோது, வென்றது மின்னணுவே என்றனர் சிலர். பின்னர், 2011, 2012 ஆகிய ஈராண்டுகள் டுகாட்டியில் ஏறினார் வலன்டினோ ரோஸி. முதன்மைப் பிரிவில் ஏழு பட்டங்கள் வென்ற அவருக்கு அவ்வண்டியில் ஒரு வெற்றியும் கிட்டவில்லை. ஸ்டோனரோ, இத்துணைகளைக் குறைக்க வேண்டும் என்று பேசியவர்.

எனினும் கேடு நேர்ந்ததுண்டு. 2007-இல் எஞ்சின் 800 சிசி ஆயிற்று. எரிபொருள் 21 லிட்டராகக் குறைந்தது. எந்த வளைவில் எவ்வளவு ஆற்றல், எத்தனை துளி எரிபொருள் என்பதைப் பந்தயத்திற்கு முன்னரே கொட்டகையில் அமர்ந்த பொறியாளர் எழுதலானார். செல்வம் மிக்க நிறுவனம் தனக்கெனச் சிறந்த நிரலை எழுதிக்கொண்டது, ஏனையோர் பின்தங்கினர். விழுபவனைத் தாங்கும் கை வேறு. அவனுக்காக முடிவெடுக்கும் கை வேறு. முன்னதை நான் வரவேற்கிறேன். பின்னதே பந்தயத்தைக் கெடுத்தது என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே நிரல் செய்வதுதான் இடர். கோட்டை எங்கே கிழிப்பது?

இங்கிலாந்தின் தேசிய சூப்பர்பைக் தொடர் 2012-இல் வழுக்கலைத் தடுக்கும் துணையை அடியோடு விலக்கியது. உலகத் தொடர் அவ்வளவு தூரம் செல்லவில்லை. 2016 முதல் அனைவர்க்கும் ஒரே நிரல் என்று விதித்தது. அவ்வாண்டு 18 பந்தயங்களில் ஒன்பது வெவ்வேறு வீரர்கள் வென்றனர். அவ்வாண்டே டயர் நிறுவனமும் மாறியது, மழையும் பலமுறை குறுக்கிட்டது. ஆகவே புகழ் முழுவதையும் நிரலுக்கே சூட்ட நான் ஒருப்படேன். ஆனால் பொதுநிரல் பழைய நிரல்களினும் எளியது. கைக்கு வேலை திரும்பியது என்பது உண்மை. முக்கால் மணி நேரத்திற்குள் டயர் தேயத் தேய, எப்போது எந்த அளவுக்கு மாறுவது என்று வீரரே பொத்தானை அழுத்தித் தேர்கிறார்.

இன்று முந்திச்செல்லல் அரிதாகிவிட்டது என்ற முறையீட்டில் முதலில் சுட்டப்படுபவை காற்றை ஆளும் சிறகுகளும் வண்டியின் உயரத்தைத் தாழ்த்தும் பொறிகளுமே. அப்பொறிகளில் மின்னணு இல்லை! 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி 2027 முதல் எஞ்சின் 850 சிசி ஆகிறது, உயரப் பொறிகள் விலக்கப்படுகின்றன, சிறகுகள் சுருங்குகின்றன.

டூஹனைப் பற்றி இன்னும் ஒன்று. முறிந்த வலக்காலால் பின்பிரேக்கை மிதிக்க அவருக்கு இயலவில்லை. இடக்கைக் கட்டைவிரலால் இயக்கும் பிரேக் ஒன்றை அமைத்துக்கொண்டார். அதனோடுதான் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள். வலப்புறம் மிகச் சாய்கையில் மிதிக்கக் கால் எட்டாது என்பதால், காலில் குறையேதுமில்லாத வீரர் பலரும் இன்று அதையே பொருத்திக்கொள்கின்றனர். அதை யாரும் குறை கூறக் கேட்டதில்லை. இதை என் மகனிடம் சொன்னேன். "அது கம்ப்யூட்டர் இல்லையே, அம்மா" என்றான். எங்கள் வீட்டில் வழக்கு இன்னும் முடியவில்லை.