செலவு, வரவு, போக்கு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குத் தரப்பெற்ற பொருள் கலைச்சொல்லாக்கம். 1916-இல் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தோன்றிய நாள் தொட்டு நூறாண்டுக்கு மேலாக நடைபெறும் பணி அது. அரை மணியில் அதன் கரையைக்கூடத் தொட இயலாது. ஆகவே ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் 'டிராஜெக்டரி' என்பர். எறிந்த கல், ஏவிய கணை, விண்ணில் செலுத்திய கலம் ஆகியவை செல்லும் கோட்டைக் குறிப்பது. குறுக்கே எறிதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்தது. நம்மவர் 'எறிபாதை' என்று பெயர்த்தனர். மூலத்திலுள்ள எறிதலும் அதில் வந்துவிட்டது, பழுதில்லாத ஆக்கமே.

இடர் பிறகுதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தார் அச்சொல்லை நோய்க்கும், மனித வாழ்வுக்கும், நாட்டின் பொருளாதாரத்திற்கும் கூசாமல் பயன்படுத்துகின்றனர். மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டில் ஒரு கவிஞரின் 'இலக்கிய எறிபாதை' என்று எழுதியிருந்தார். கவிஞரை யார் எறிந்தார்கள் என்று ஓரத்தில் குறித்து அனுப்பினேன். 'செல்நெறி' என்று திறனாய்வாளர் வழங்கும் நல்ல சொல் இருக்கிறது. 'போக்கு' என்று ஊரார் வழங்கும் அதனினும் நல்ல சொல் இருக்கிறது.

இயக்கத்தின் வழியைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ஆறு, நெறி, வழி, அதர், தடம், சுவடு எனப் பல. இவற்றுள் 'ஆறு' நமக்கு உரிமையுடையது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள், வழிப்படுத்தும் நூல்கள். அவற்றுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் நமக்கு வடக்கே அடுத்திருக்கும் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாணன் செல்ல வேண்டிய வழியில் அவர் காட்டும் எயிற்பட்டினத்தை இம்மரக்காணமாகவே அறிஞர் கொள்வர். அந்நூலிலேயே உமணர் வருகின்றனர். உப்பு வணிகரின் வண்டி வரிசைக்கு அங்கே வழங்கும் பெயர் 'ஒழுகை'. ஒன்றன்பின் ஒன்றாக, நீர் ஒழுகுவதுபோல், இடையறாமல் செல்வதால் வந்த பெயர்.

இச்சொல்லின் உறவினரை ஈழத்துப் பாடநூல்களில் கண்டு வியந்தேன். கோள்கள் கதிரவனைச் சுற்றும் வழியை நாம் 'சுற்றுப்பாதை' என்கிறோம். அவர்கள் 'ஒழுக்கு' என்றனர். எறியப்படும் பொருளை நாம் 'எறிபொருள்' என, அவர்கள் 'எறியம்' என்றனர். உமணர் வண்டிக்கும் வியாழனுக்கும் ஒரே வினையடி. ஒழுக்கம் என்னும் அறச்சொல்லும் அவ்வடியில் பிறந்ததே. 'பாதை' என்றால் ஒருவர் நடந்தாலும் நடவாவிட்டாலும் கிடப்பது. ஒழுக்கு அவ்வாறன்று, ஒழுகுவது நின்றால் ஒழுக்கும் இல்லை. விண்வெளியில் யாரும் சாலை போட்டு வைக்கவில்லை. நம் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய சந்திரயான்-3, 2023 ஜூலை 14-இல் புறப்பட்டு, ஆகஸ்டு 5-இல் நிலவின் ஈர்ப்புக்குள் புகுந்து, 23-இல் தரையிறங்கியது. சென்ற வழியெல்லாம் அது செல்லச்செல்ல உண்டானதே. கணக்கில் முன்பே இருந்தது எனலாம், வானத்தில் இருந்ததில்லை.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியார்க்கு மட்டும் உரிய நுட்பம் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். 2020 நவம்பர் 25 மாலை அவ்வெண்ணம் போயிற்று.

நிவர் புயல் வந்துகொண்டிருந்தது. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரி அருகில் கரையைக் கடக்கும் என்று அறிவித்தனர். தொலைக்காட்சிப் படத்தில் ஒரு கோடு புதுச்சேரியைத் தொட்டு உள்ளே சென்றது. என் அத்தை, வாழ்நாளெல்லாம் பாத்தியில் உப்பு வாரியவர், கேட்டார்: "ஏம்மா, நீ படிச்சவ, நம்ம ஊரு அது பாதையில இருக்குதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

நான் சொன்னேன்: "பாதை புதுச்சேரிப் பக்கம்தான் அத்தை."

பாதையில் இல்லாதவர் ஒதுங்கி நிற்பவர். வண்டி தம்மைக் கடந்து போய்விடும் என்று நம்புபவர். அவர் பொருள்கொண்டது பிழையன்று. நான் கொடுத்த சொல் பிழை. கட்டியிருந்த இரண்டு ஆடுகளை அவிழ்த்து வர, உப்பளத்து ஓரக் கொட்டகைக்குத் திரும்பிப் போய்விட்டார். இருட்டிய பின்னரே எங்களுக்குத் தெரிந்தது. நள்ளிரவை ஒட்டி, அதிதீவிரப் புயலாக, புதுச்சேரிக்கு வடக்கே நம்மூரை அணைந்தே அது கரையேறியது. கொட்டகையின் கூரை போயிற்று. அத்தை மண்சுவர் மூலையில் ஆடுகளை அணைத்தபடி விடியும்வரை இருந்தார். உயிரோடு கண்டோம். என்னை ஒரு சொல் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

படத்திலிருந்த கோடு புயலின் நடுவம் செல்லக்கூடிய வழி. புயலோ பல நூறு கிலோமீட்டர் அகலமுடையது. அதனாலேயே வானிலைத் துறையினர் அக்கோட்டைச் சுற்றி, நாள் செல்லச்செல்ல விரியும் கூம்பு ஒன்றையும் வரைகின்றனர். நடுவம் அதற்குள் எங்கும் செல்லலாம் என்பது பொருள். 'பாதை' என்னும் சொல்லில் அந்தக் கூம்புக்கு இடமில்லை. காலத்திற்கும் இடமில்லை. 2024 நவம்பர் 30-இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல், மறுநாள் காலையிலும் புதுச்சேரிப் பகுதியிலேயே ஏறத்தாழ நகராமல் நின்று பெய்தது. கோட்டைப் பார்த்தவர்க்கு எங்கே என்பது தெரிந்தது. எவ்வளவு நேரம் என்பது தெரியவில்லை. இயற்பியலார் பாதைக்கும் டிராஜெக்டரிக்கும் இடையே காணும் வேறுபாடும் இதுவே: எந்த நொடியில் எவ்விடம் என்பதையும் பின்னது சொல்ல வேண்டும். 'போக்கு' என்பதில் திசையும் விரைவும் தயக்கமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. "அவன் போக்கு சரியில்லை" என்கிறோம். அங்கே யாரும் கோடு வரைவதில்லை.

பழஞ்சொல்லாகிய 'செலவு' ஏன் கூடாது என்று சிலர் கேட்கலாம். புறநானூற்று முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ஞாயிற்றின் இயக்கத்திற்கு அச்சொல்லையே ஆள்கிறார். ஆனால் இன்று 'புயலின் செலவு' என்று எழுதினால் நிவாரணத் தொகை என்றே மக்கள் கொள்வர். இதில் வேறொரு நுட்பமும் உண்டு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என நான்கை வைத்து, வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்றும் வரையறுத்தார். நம்மிடம் வருவது வரவு. பிறரிடம் போவது செலவு.

வரைபடத்தின் முன் அமர்ந்திருப்பவர்க்குப் புயல் செலவு. கரையில் குடியிருப்பவர்க்கு வரவு. எச்சரிக்கை எழுதுவோர் வரைபடத்தின் பக்கமிருந்து எழுதுகின்றனர். அவ்வெழுத்தை வாங்கிக் கரைக்குச் சொல்வோர், அதாவது நம்மைப் போன்றோர், இடையில் ஒருமுறை சொல்லை மாற்ற வேண்டியிருக்கிறது. வட்டத்தின் இளையோர் சிலர் மழைக்காலங்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்புப் படிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். 'பாதை' என்று தாளில் இருந்தால் அப்படியே படிக்காதீர்கள். எப்போது வரும், எவ்வளவு அகலமாக வரும், எத்தனை நேரம் நிற்கக்கூடும் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அத்தை இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கிறார். ஃபெஞ்சல் வந்தபோது அவர் என்னிடம் பாதையைக் கேட்கவில்லை. "எப்ப வருது, அத சொல்லு" என்றார். ஆடுகளை முதல் நாளே பள்ளிக்கூடத்துக்கு ஓட்டி வந்துவிட்டார்.