கருவிழியில் நெல் சுணை
(தாராசுரத்தில் விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பா அறுவடை நெருங்குகிறது. அரசலாற்றங்கரை வயல்களில் இனிக் கதிர் சாயும், தூசியும் எழும். ஆகவே கண்ணைப் பற்றிப் பேச வந்தேன்.

கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது வெள்ளை விழியைப் போர்த்திய மெல்லிய சவ்வின் அழற்சி. பீளை தள்ளும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். கருவிழியின் அழற்சி வேறு. சுணையோ, உமியோ, வைக்கோல் நுனியோ கீறினால் கருவிழியின் மேல்தோல் பெயர்கிறது. அவ்வழியே காளான் வித்து உட்புகுகிறது. வலி, கூச்சம், மங்கல். சில நாட்களில் வெண்புள்ளி. புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். பூ விழுந்த கண் என்று நாம் கூறுவது பல சமயம் இத்தழும்பைத்தான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 65 பேருக்குக் கண்ணில் முன்பே காயம் பட்டிருந்தது. கிருமி புலப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காணப்பட்டது காளானே; அதிலும் மண்ணிலும் பயிரிலும் வாழும் ‘பியூசேரியம்’ மிகுதி.

நாம் செய்வதென்ன? தாய்ப்பால் பீச்சுகிறோம், விளக்கெண்ணெய் விடுகிறோம், முந்தானை நுனியால் துழாவுகிறோம். இவற்றினும் கொடியது, சீட்டின்றிக் கடையில் வாங்கும் ஸ்டெராய்டு சொட்டு மருந்து. சிவப்பு மறையும், ஆள் மகிழ்வார். உள்ளே காளான் தழைக்கும். பின்னர் நாட்டமைசின் மருந்தை வாரக்கணக்கில் விட்டாலும் சில கண்கள் மீள்வதில்லை.

தடுக்க வழி உண்டா? நம்மைப் போலவே நெல் விளைவிக்கும் நேபாளத்துப் பக்தபூரில் இதைச் சோதித்தார்கள். 2001-இல் அதன் முடிவு வெளிவந்தது. ஊர்த் தொண்டர்கள், கருவிழி கீறப்பட்டோருக்குக் குளோரம்பெனிக்கால் களிம்பை நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் இட்டனர். 18 மணி நேரத்துக்குள் களிம்பிடப்பட்டவர்களில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. மருந்து எளியது, நேரந்தான் அரியது. நமது வழக்கமோ, ‘அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்’ என்பது!

சுணை பட்டால் கசக்காதீர்கள். தூய நீரால் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். வெண்புள்ளி தெரிந்தால் கும்பகோணம் அரசு மருத்துவமனைக்குப் போக ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இயந்திரம் அறுக்கும் காலம் இது என்பீர்கள். உண்மை. ஆயினும் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் இயந்திரத்தருகே நிற்பவர், மூட்டை தூக்குபவர், வைக்கோல் கட்டுபவர் ஆகியோர் முகத்தில் தூசி அடிக்கவே செய்கிறது. பக்கமும் மூடிய கண்ணாடி அவர்களுக்கு முதலில் கிடைக்கட்டும்.