நம் வீட்டு அலமாரியிலும் வரலாறு உண்டு
(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நாட்டின் வரலாற்றை அருங்காட்சியகங்களும் பொது இடங்களும் எப்படிக் காட்டுகின்றன என்பது எனக்குத் தந்த தலைப்பு. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவன். வரலாற்று அறிஞன் அல்ல. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகம் 1963 ஆகஸ்ட் 31ஆம் நாள் திறக்கப்பட்டது. அங்கே நான்கு கூடங்கள்: பழங்காலம், மலாய் அரசுகள், காலனி ஆட்சி, இன்றைய மலேசியா. நான்கு கூடங்களுக்குள் ஒரு நாட்டையே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வீட்டின் கதைக்கும் அங்கே இடம் கிடைக்காது. அதைக் குறையாகவும் சொல்லவில்லை.

ஆனால் வரலாறு கூடத்துக்கு வெளியேயும் நிற்கிறது. பினாங்கில் முன்பு பிட் ஸ்திரீட் என்றிருந்த சாலைக்கு இன்று மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை என்று பெயர். 1801இல் அந்தப் பள்ளிவாசல் எழக் காரணமான காதர் முகைதீன், அங்கிருந்த தமிழ் முஸ்லிம்களின் தலைவர். மலாக்காவில் முன்ஷி அப்துல்லா சாலை இருக்கிறது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் அவர் 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோரில் அரபியரும் உண்டு, தமிழரும் உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் சாலையில் 1828 முதல் 1830க்குள் கட்டப்பட்ட நாகூர் தர்கா, 1974இல் தேசிய நினைவுச்சின்னமானது. இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகவும் இருக்கிறது.

"உங்கள் ஆட்கள் இங்கே எப்போது வந்தார்கள்?" என்று நம் பிள்ளைகளை யாராவது கேட்டால் கோபப்பட வேண்டாம். இந்த இடங்களைச் சொன்னாலே போதும்.

நம் பண்டார் தெங்காராவுக்கு அந்தப் பழமை இல்லை. 1972இல் கெஜோரா அமைக்கப்பட்ட பிறகு, காட்டைத் திருத்தி எழுப்பிய ஊர் இது. சுற்றிலும் செம்பனையும் ஃபெல்டா குடியிருப்புகளும். நம் சங்கத்துக்கும் ஊருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முதலில் வந்து கடை போட்டவர்களின் கதையை நேரில் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால் பிறகு யாரைக் கேட்பது?

வழி காட்ட ஜொகூர் பாருவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2009இல் அங்கே திறக்கப்பட்ட சீனர் மரபுடைமை அருங்காட்சியகத்தை அமைத்தது, அங்குள்ள சீனர் சங்கம்தான். சங்கம் நினைத்தால் முடியும்.

நமக்கு மாடிக் கட்டடம் வேண்டாம். சங்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி போதும். வீட்டுக்கு ஒரு பொருள் கொடுங்கள்: கப்பலேறி வந்த வாப்பாவின், அத்தாவின் பழைய பாஸ்போர்ட், முதல் கடையின் கணக்குப் புத்தகம், லைசென்ஸ், தேய்ந்துபோன ரொட்டிக் கல், நிக்காஹ் பத்திரிகை. கொடுக்க மனமில்லையா? படம் எடுத்துக் கொடுங்கள்.

வியாபாரிகளுக்கு ஒன்று தெரியும்: சீட்டு ஒட்டாத பெட்டியில் என்ன சரக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, எதற்குப் பயன்பட்டது என்ற நான்கையும் எழுதி வையுங்கள். பழைய புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

இன்னொன்று. பழைய குழுப் படங்களில் ஆண்கள்தான் வரிசையாக நிற்பார்கள். விடியுமுன் எழுந்து கடைக்கு மசாலா அரைத்துக் கொடுத்த உம்மாமாரும் நன்னிமாரும் படத்தில் இருக்க மாட்டார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். அரை மணி நேரம் போதும். இந்த வேலையை இளைஞர்களாகிய நாம் எடுத்துக்கொள்வோம்.

நூற்றாண்டு விழாவில் நம் பேரப்பிள்ளைகள் அந்த அலமாரியின் முன் நின்று பெயர்களைப் படிக்கட்டும். அதற்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.