பாஸ்போர்ட்டும் வட்டிச் சீட்டும்

(திருநகரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பவை இரண்டு விஷயங்கள். ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுவது. மற்றொன்று, கிராமத்து ஜனங்களுக்கு பாங்கு எட்டுவது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். பாஸ்போர்ட் வெளிநாட்டு இலாகாவின் காரியம். பாங்கு நிதி இலாகாவின் காரியம். சர்க்கார் கோப்புகளில் இவை இரண்டும் சந்திப்பதே இல்லை. ஆனால் நிலையூரிலிருந்தோ தனக்கன்குளத்திலிருந்தோ துபாய்க்கும் மலேசியாவுக்கும் புறப்படுகிற வாலிபனின் வீட்டில் இரண்டும் சந்திக்கின்றன. பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன் விசாவுக்கும் ஏஜெண்டுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தோடு வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார்.

ஊரை விட்டுப் போக ஒரு சீட்டு, அந்தச் சீட்டோடு சேர்த்து முடிந்த ஒரு கடன் என்பது நம் சீமைக்குப் புதிதல்ல. நம்முடைய மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ லட்சம் ஜனங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அழைத்துப் போனவர் கங்காணி. ஊரில் இருந்த பழைய கடனை அடைக்க, வழிச் செலவுக்கு, சோற்றுக்கு, கம்பளிக்கு என்று கங்காணி முன்பணம் கொடுப்பார். அத்தனையும் கூலியின் பேரில் கணக்கில் ஏறும். மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதனை செய்து, கப்பல் ஏற்றினார்கள். போன நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுத்தனுப்பும் முறையும் வந்தது. தகர டிக்கெட் என்று அதற்குப் பெயர். மனிதனுக்கு முகவரி எழுதிப் பார்சல் அனுப்புகிற முறை!

அங்கே போன பிறகு ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக வேண்டுமானால் துரை ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். அதைத் 'துண்டு' என்றார்கள். இன்ன கூலிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்பதுதான் அந்தச் சீட்டின் சாரம். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கூலிக்குக் கடன் தீராது, துரைதான் மாறுவார். 1921இல் இலங்கையில் வந்த சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒழித்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஆளையும் கடனையும் ஒன்றாகக் கட்டும் வழக்கம் ஒழிந்துவிட்டதா என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அதைக் கொடுப்பதும் மறுப்பதும் சர்க்காரின் இஷ்டம். காரணம் கேட்க வழியில்லை. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை உடைத்தது. வெளிநாடு போகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு சொல்லும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கியது, சட்டமில்லாமல் அதைப் பறிக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் தீர்ப்புச் சொன்னார்கள். அதன் பிறகே, அதே வருஷத்தில், பாஸ்போர்ட் சட்டம் வந்தது. வழக்குப் போட்டவர் ஏற்றுமதி இறக்குமதி வியாபாரி. இருந்தால் என்ன? அவர் வாங்கிய தீர்ப்பு விளாச்சேரியில் மண் பிசைகிறவருக்கும் செல்லும். ஆகவே பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் நாம் தர்மம் கேட்டு நிற்கவில்லை, உரிமை கேட்டு நிற்கிறோம். கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியமில்லை.

மதுரையில் பாஸ்போர்ட் ஆபீஸ் வந்தது 2007இல்தான். அதுவரை நம் ஜனங்கள் திருச்சிக்கு நடையாய் நடந்தார்கள். 2017 முதல் தபால் ஆபீஸ்களிலும் பாஸ்போர்ட் சேவை மையங்கள் திறக்கத் தொடங்கினார்கள். இது நல்ல காரியம். குறை சொல்லப் பிறந்தவர்களல்ல நாம். நல்லதை நல்லது என்றே சொல்லுவோம். தபால் ஆபீஸைப் போல நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த வேறொரு சர்க்கார் இலாகா கிடையாது.

ஆனால் மனுவைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். இங்கேதான் தரகர் நுழைகிறார். வயது வந்தவருக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு சர்க்கார் கட்டணம் 1,500 ரூபாய். அவசரமாக, தட்கலில் வேண்டுமானால் மேற்கொண்டு 2,000. அவ்வளவே. போலீஸ் விசாரணைக்கென்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. விசாரணைக்கு வந்தவருக்கு டீ கொடுப்பது நம் மரியாதை, கவர் கொடுப்பது நம் கடமையல்ல. பாஸ்போர்ட் பெயரில் போலி வலைத்தளங்களும் நடமாடுகின்றன. அரசாங்கத் தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி.இன்' என்று முடியும். அப்படி முடியாத இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.

பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக, குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு விழும். அந்தக் குறிப்புள்ளவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். 1983ஆம் வருஷச் சட்டம் இது. சிலர் இதை ஒரு முட்டுக்கட்டையாக நினைத்து, 'சுற்றுலா விசாவில் போய்விடலாம், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜெண்டு சொல்வதை நம்புகிறார்கள். அப்படிப் போனால் வேலை ஒப்பந்தம் எந்தப் பதிவிலும் இருக்காது; கூலி கிடைக்கவில்லை என்று முறையிடக் கையில் ஒரு காகிதமும் இருக்காது. முறைப்படி போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா என்ற இன்ஷூரன்ஸ் உண்டு. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். இந்த 275 ரூபாய் விஷயத்தை எந்தத் தரகரும் வாய் திறந்து சொல்வதில்லை.

மறியலில் கலந்துகொண்டு வழக்கு வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. போலீஸ் ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருப்பது மட்டுமே பாஸ்போர்ட்டை மறுக்கக் காரணமாகாது. கோர்ட் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருந்தால்தான் தடை. வெளிநாட்டு இலாகாவே 2019 அக்டோபரில் இதைத் தெளிவுபடுத்திச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கோர்ட்டில் வழக்கு நடந்தாலும், அந்தக் கோர்ட்டின் அனுமதி பெற்றுப் பாஸ்போர்ட் வாங்க வழியுண்டு. மனுவில் உண்மையை மறைக்க வேண்டாம். மறைப்பதுதான் தனிக் குற்றமாக வந்து சேரும்.

இன்னொரு கூட்டத்தாரையும் நாம் மறக்கலாகாது. உச்சபட்டி முகாமும் ஆனையூர் முகாமும் நமக்குத் தூரமில்லை. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டால் பதில் இல்லாமல் வளர்ந்தார்கள். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு, மறுக்கப்பட்டு, ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனார். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை என்பது குடியுரிமைச் சட்டத்தின் 3வது பிரிவு. அதன்படி அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. அவருக்கு ஒரு வருஷம் பின்னால், 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அதே முகாம், அதே பள்ளிக்கூடம், பிறந்த தேதி மட்டும் வேறு!

இனி, சீட்டின் மறுபக்கத்துக்கு வருவோம்.

பதிவு பெற்ற ஏஜெண்டு ஒரு தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல், வரி நீங்கலாக, வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. நடப்பில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்பது இங்கே இருப்பவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விதிப்படி முப்பதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். விமானச் சீட்டும் வைத்தியச் சோதனையும் சேர்ந்தால் அதற்கும் மேலே போகும். நிலமில்லாத வீட்டில் அது எங்கிருந்து வரும்? தாயார் கழுத்திலும் காதிலும் இருப்பது முதலில் போகிறது. அது போதாதபோது தண்டல்காரர், மீட்டர் வட்டிக்காரர், கந்துவட்டிக்காரர். தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷத்து அதீத வட்டித் தடைச் சட்டம் இந்தப் பெயர்களையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி, இவை குற்றம் என்று சொல்லியிருக்கிறது. சட்டப் புத்தகத்துக்கே இத்தனை வட்டிகளின் பெயர் தெரிந்திருக்கிறது என்றால் நாட்டு நிலைமை எப்படி இருந்திருக்க வேண்டும்! அந்தச் சட்டம் வந்து 14 வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமையென்று மனுமேல் மனுக் கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பச்சிளம் பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தீயில் மாண்டார். மனு வாங்குகிற இடத்திலேயே அது நடந்தது.

கடன் கொடுத்தவர் பாஸ்போர்ட்டையே ஈடாக வாங்கி வைத்துக்கொண்டால் என்ன செய்வது? அந்தப் புத்தகம் அவருக்குச் சொந்தமுமல்ல, நமக்குச் சொந்தமுமல்ல. பாஸ்போர்ட் சட்டத்தின் 17வது பிரிவுப்படி அது மத்திய சர்க்காரின் சொத்து. அதை முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான், சாதாரணக் கிரிமினல் கோர்ட்டுக்குக்கூட இல்லை என்று 2008இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கோர்ட்டுக்கே இல்லாத அதிகாரம் வட்டிக்கடையின் இரும்புப் பெட்டிக்கு எங்கிருந்து வந்தது? அக்கரையில் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிக்கும் இதே கேள்விதான்.

பாங்குகள் என்ன செய்தன என்று பார்ப்போம். 1951-52இல் ரிசர்வ் பாங்கு ஒரு பெரிய சர்வே எடுத்தது. கிராமத்து விவசாயி வாங்கிய நூறு ரூபாய்க் கடனில் கிட்டத்தட்ட 70 ரூபாய் லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 ரூபாய் சொச்சம். வர்த்தக பாங்குகள் கொடுத்தது ஒரு ரூபாய்கூட இல்லை, 90 காசு! இத்தனைக்கும் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்தியாவிலேயே முதன் முதலாக 1904இல் பதிவானது நம் தமிழ்நாட்டுத் திரூரில்தான்.

1969 ஜூலை 19ஆம் தேதி 14 பெரிய பாங்குகள் தேசியமயமாயின. பட்டணத்தை விட்டு அறியாத பாங்கு அதன் பிறகே வயல் வரப்பில் காலை வைத்தது. 1977இல் பாண்டியன் கிராம பாங்கு வந்தது. 2019இல் அது பல்லவன் கிராம பாங்கோடு இணைந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம பாங்காயிற்று. விருதுநகரில் இருந்த தலைமை ஆபீஸ் சேலத்துக்குப் போனதில் நமக்கு என்ன லாபம் என்பதை இன்னும் எவரும் விளக்கவில்லை. மதுரைக்கென்றே ஒரு பாங்கு இருந்தது. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943இல் தொடங்கிய பாங்கு ஆப் மதுரா. முதலாளி பாங்குதான், ஆனாலும் தென் ஜில்லாக்களில் அதற்குக் கிராமக் கிளைகள் இருந்தன, பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கும் கடன் கொடுத்தது. 2001இல் அதை ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கு விழுங்கியது.

2014 முதல் ஜன் தன் கணக்குகள். 50 கோடிக்கு மேல் திறந்துவிட்டோம் என்கிறார்கள். வாஸ்தவம், பாஸ் புத்தகம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 2018 செப்டம்பர் 1 முதல் தபால் இலாகாவே ஒரு பேமெண்ட்ஸ் பாங்கு நடத்துகிறது. தபால்காரர் வீட்டுத் திண்ணையில் கைரேகை வைத்துப் பணம் கொடுக்கிறார். நடக்க முடியாத மூதாட்டிக்கு இது எவ்வளவு பெரிய ஒத்தாசை! ஆனால் பேமெண்ட்ஸ் பாங்கு என்பதன் சூட்சுமத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அது டெபாசிட் வாங்கலாம், ஒரு கணக்கில் 2 லட்சம் ரூபாய் வரை. பணத்தை அனுப்பலாம், கொடுக்கலாம். சொந்தமாகக் கடன் கொடுக்க அதற்கு அனுமதி இல்லை. அதாவது, வெயிலில் வேகிற மகன் அனுப்பும் பணம் தபால் ஆபீஸுக்கு வரலாம். அவன் புறப்படுவதற்கு வேண்டிய பணம் அங்கிருந்து வர முடியாது. கிராமத்துச் சேமிப்பு மேலே போக வழி போட்டார்கள். கடன் கீழே வர வழி போடவில்லை. வட்டிக்காரருக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான்.

திருநகர் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இங்கே பாங்குக்கும் பணம் எடுக்கும் யந்திரத்துக்கும் பஞ்சமில்லை. திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே உள்ள கிராமங்களுக்குப் போய், ஈடு இல்லாமல் நாற்பதாயிரம் ரூபாய் கடன் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாங்கின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள், தண்டல்காரர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

நாம் கேட்பது பெரிய புரட்சியல்ல. உழுகிறவனுக்குப் பயிர்க் கடன் இருக்கிறது. புறப்படுகிறவனுக்குப் பிரயாணக் கடன் ஏன் இல்லை? பதிவு பெற்ற ஏஜெண்டு, பதிவான வேலை ஒப்பந்தம், குடிபெயர்வு அனுமதி ஆகிய மூன்றும் உள்ளவருக்கு கிராம பாங்கும் கூட்டுறவு பாங்கும் நியாயமான வட்டியில் கடன் தரட்டும். முதல் வருஷச் சம்பளத்திலிருந்து தவணையாகப் பிடிக்கட்டும். 1978 முதல் தமிழ்நாடு சர்க்காரே அயல்நாட்டு மனிதவளக் கழகம் ஒன்றை நடத்தி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பி வருகிறது. அந்தக் கழகத்தின் வழியாகப் போகிறவர்களிலிருந்தே தொடங்கலாம். பணம் திரும்பாது என்று பாங்கு அதிகாரிகள் சொல்லக்கூடும். வட்டிக்காரர் அந்தப் பணத்தைப் பல மடங்காக வசூலிக்கிறாரே! கட்டுகிறவன் அதே தொழிலாளிதானே?

கூட்டம் முடிந்ததும் மனு எழுதிக்கொடுக்க வாலிபர்கள் சிலர் மேடைக்குப் பின்னால் மேஜை போட்டு உட்காருவார்கள். ஆதார் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ், பத்தாவது தேறியவர்கள் அந்த மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பெயரில் இனிஷியல் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி மனுக்கள் அதில்தான் நிற்கின்றன. பாங்குக் கணக்கு இல்லாதவர்களுக்கு, குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு கேட்டு எழுதும் கடிதத்தையும் அங்கேயே தயார் செய்வோம். ஏஜெண்டு கொடுத்த ஒப்பந்தம் கையில் உள்ளவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதையும் எடுத்து வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம். சட்டக் கட்டணம் 1,500 ரூபாய் பாஸ்போர்ட் ஆபீஸுக்கு. மேஜைக்குக் காசு கிடையாது.