பழைய கணினியும் குறைந்த முதலும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையிலே எனக்கு முன் பேசியோர் எடுத்துக்கொண்ட பொருள்கள் பெரியன. யான் எடுத்துக்கொண்டதோ மிகச் சிறியது. விளையாடுதற்குப் பயன்படும் பழைய கணினியொன்றைக் குறைந்த செலவிற் புதுக்குவது எங்ஙனம் என்பதே அது. “இதற்கும் ஒரு பேச்சா?” என்று பின்வரிசையிலே ஒரு பெரியவர் புன்னகை செய்வது தெரிகின்றது. அப்புன்னகை நியாயமானதே. ஆயினும், ஈண்டுள்ள இளைஞர் பலர் வீட்டில் அத்தகைய கணினியொன்று உண்டு. அதற்குப் பணங்கொடுத்த பெற்றோரும் ஈண்டு வீற்றிருக்கின்றனர். ஆகவே, இஃது இரு சாராருக்கும் உரிய பொருளென்றே கருதுகின்றேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றேன். என் கணினி 2016ஆம் ஆண்டில் மாமா வாங்கிப் பின்னர் எனக்குத் தந்தது. இன்ரெல் கோர் ஐ5-6500 என்னும் நான்கு கருக்களையுடைய செயலி, 8 கிகாபைற்று றாம், சுழலுந் தட்டுடைய ஹாட் டிஸ்க், 2014இல் வெளிவந்த ஜி.ரி.எக்ஸ். 750 ரி.ஐ. என்னும் படவட்டை ஆகியவை அதன் உறுப்புகள். நம் நாட்டிலே படவட்டையை வி.ஜி.ஏ. என்றே எல்லோரும் சொல்லுவர். யானும் அவ்வாறே சொல்லுகின்றேன்.

2024ஆம் ஆண்டிற் புதிய விளையாட்டுகள் அதில் நொண்டத் தொடங்கின. அம்மா சீட்டெடுத்து வைத்திருந்த பணத்தில் 50,000 ரூபா கேட்டேன். “படிப்புக்கு வேணும்” என்றேன். அது பாதி உண்மை. மற்றைப் பாதியை மனத்துள் மறைத்துக்கொண்டேன். அம்மா சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்திருந்து, “விளையாடத்தான் வேணுமெண்டால் அதைச் சொல்லிக் கேள், தம்பி. கணக்கை மட்டும் எனக்குக் காட்டு” என்றார். வெட்கித் தலைகுனிந்தேன். அந்தக் கணக்கே இப்பேச்சின் பொருள்.

பணம் கைக்கு வந்த அன்றிரவு, அது முழுவதையும் ஒரு பெரிய வி.ஜி.ஏ.யிற் போட நினைத்தேன். காலையிற் கணக்கெழுதக் கொப்பியை விரித்தபோதுதான், “எங்கே குறை?” என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை என்று கண்டேன். நோயை அறியாது மருந்து வாங்கப் புறப்பட்டவன்போல் இருந்தேன்.

நோயறிதற்குக் காசு செலவில்லாத வழிகள் உண்டு. விளையாட்டு ஒரு நொடியில் 60 படங்களைத் தீட்டினால் கண்ணுக்கு ஒழுக்காகத் தோன்றும். அவ்வாறு தீட்ட, ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் மட்டுமே உண்டு. அதற்குள் செயலியும் தன் வேலையை முடிக்க வேண்டும்; வி.ஜி.ஏ.யும் தன் வேலையை முடிக்க வேண்டும். இருவருள் பிந்துபவர் எவரோ, அவரே விளையாட்டின் வேகத்தை நிருணயிப்பவர். அவரைக் கண்டுபிடிக்கத் திரையின் நுணுக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். 1920க்கு 1080 என்ற அளவில் 2,073,600 புள்ளிகள் உண்டு. 1280க்கு 720 என்ற அளவில் 921,600 புள்ளிகளே. புள்ளிகள் பாதிக்கு மேல் குறைந்ததும் வேகம் ஏறினால், திணறியது வி.ஜி.ஏ. வேகம் அசையாதிருந்தால், திணறுவது பெரும்பாலும் செயலியே. இதனை அறியாது வி.ஜி.ஏ. மாற்றியவன், மாட்டைப் பழித்து வண்டியை மாற்றியவனாவான்.

என் கணினியில் வேகம் நன்றாக ஏறியது. ஆகவே வி.ஜி.ஏ. மெலிந்தது என்பது தெளிவாயிற்று. ஆனால் இன்னொரு நோயும் இருந்தது. விளையாட்டு இடையிடையே விக்கி நின்றது. ராஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தேன். றாம் நிரம்பி வழிந்தது. இடம் போதாமையால் ஹாட் டிஸ்க் ஓயாது சுழன்றுகொண்டிருந்தது. இந்நோய்க்குப் பெரிய வி.ஜி.ஏ. மருந்தன்று.

இனிச் சிகிச்சையின் ஒழுங்கைச் சொல்லுகின்றேன். முதலாவது துப்புரவு. எட்டாண்டுத் தூசியைத் தூரிகையால் நீக்கி, செயலிக்கும் அதன் விசிறிக் கட்டைக்கும் இடையிற் காய்ந்து கிடந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிது பூசினேன். சூடு மிகுந்தாற் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே 600 ரூபாப் பசை சிலவேளை ஆயிரங்களைக் காக்கும்.

இரண்டாவது, 8 கிகாபைற்று றாம் ஒன்று. பாவித்தது, 6,000 ரூபா. ஒன்றுக்குப் பதில் இரண்டு இருந்தால் இடம் இரட்டிப்பதோடு, செயலிக்குச் செல்லும் வழியும் இரட்டைவழியாகும். மூன்றாவது, எஸ்.எஸ்.டி. ஒன்று, புதியது, 13,000 ரூபா. ஹாட் டிஸ்க்கில் ஊசி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சென்று தேடவேண்டும், எஸ்.எஸ்.டி.யிலோ நகரும் உறுப்பே இல்லை. இது படங்களின் எண்ணிக்கையை அதிகம் கூட்டாது. காத்திருக்கும் நேரத்தையே குறைக்கும். என் தங்கை உயர்தரப் பாடங்களுக்குக் கணினியைத் திறக்கையில், முன்பு தேநீர் ஊற்றி முடியுமட்டும் காத்திருப்பாள். இப்பொழுது அவள் அமருமுன் அது ஆயத்தமாயிருக்கின்றது.

நான்காவதே வி.ஜி.ஏ. இங்கேதான் கவனம் வேண்டும். என் நண்பனொருவன் கடன்பட்டுப் பெரிய அட்டையொன்று வாங்கி, பேர்தெரியாத பழைய பவர் சப்ளையிற் பூட்டினான். ஒரு மாலை, விளையாட்டின் நடுவே கருகல் மணம் எழுந்தது. பவர் சப்ளையோடு மதர்போட்டும் போயிற்று. பரீட்சை மாதம் முழுவதும் பிறர் கணினியைக் கேட்டு அலைந்தான். பவர் சப்ளையின் பெட்டியில் எழுதிய வாற்றை அப்படியே நம்பலாகாது என்பதை அவனுடைய நட்டத்திலிருந்து கற்றேன்.

மதர்போட்டின் துளை வழியாக ஓர் அட்டை 75 வாற்று வரை பெறலாம். அதற்கு மேல் வேண்டுமாயின் பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். ஆகவே 2019இல் வெளிவந்த, 75 வாற்றில் இயங்கும் ஜி.ரி.எக்ஸ். 1650 அட்டைகளுள் தனிக்கம்பி வேண்டாத ஒன்றைத் தேடி, பம்பலப்பிட்டியிற் பாவித்ததாக 27,000 ரூபாவுக்கு வாங்கினேன். கடைக்காரர் முன்னிலையிலேயே அரைமணி நேரம் அதை ஓடவிட்டுப் பார்த்த பின்பே பணங்கொடுத்தேன். மொத்தம் 46,600 ரூபா. மீதி 3,400 ரூபாவையும் கொப்பியையும் அம்மாவிடம் கொடுத்தேன்.

யான் கற்ற மிஷன் பாடசாலையிலே, பழைய ஆடையிற் புதுத்துணியை ஒட்டுப்போட்டாற் கிழிசல் பெரிதாகும் என்னும் உவமையை ஆசிரியர் அடிக்கடி சொல்லுவார். அன்று விளங்காதது இன்று விளங்குகின்றது. என் செயலிக்குத் தக்க அட்டையே நன்று. அதற்கு மிஞ்சியது வீண்.

செயலியை மாற்ற நினைப்போர் முதலில் மதர்போட்டை ஆராய்க. என்னுடையது இன்ரெலின் ஆறாந் தலைமுறைக்குரியது. ஏழாந் தலைமுறை ஐ7-7700உடன் அதன் எல்லை முடிகின்றது. எட்டாந் தலைமுறைச் செயலிக்கும் அதே 1151 முனைகள் உண்டாயினும், அது இதில் இயங்காது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மதர்போட் உடையோர் பேறுபெற்றோர். 2017இன் மதர்போட்டுகள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்தபின், 2022இல் வந்த றைசன் 5 5600 செயலியைப் பூட்டலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் சில்லுகளை வாரிக்கொண்டமையால், றாமின் விலை உலகெங்கும் ஏறியது. யான் கொடுத்த விலையை இன்று கடையிற் சொல்லிக் கேட்டு ஏமாறவேண்டாம். இரண்டாவது, விண்டோஸ் 10இற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றன; என்னுடையது போன்ற செயலிகளோ விண்டோஸ் 11இன் அங்கீகாரப் பட்டியலில் இல்லை. ஆதலின் யான் லினக்ஸுக்கு மாறினேன். வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டன் என்னும் மென்பொருளின் உதவியால் என் விளையாட்டுகளிற் பெரும்பாலானவை அங்கும் ஓடுகின்றன. மோசடித் தடுப்பு மென்பொருளையுடைய சில இணைய விளையாட்டுகள் ஓடவில்லை. அவற்றை விட்டுவிட்டேன், விட்டபின் பெரிய இழப்பாகத் தோன்றவுமில்லை.

பெரியோர்களே! விளையாட்டு வீண்செலவென்று நீங்கள் சொன்னால் யான் வாதாடமாட்டேன். பிள்ளை கேட்கும்போது, “எங்கே குறை? அளந்து பார்த்தாயா?” என்று மட்டும் கேளுங்கள். அளந்து பார்த்தவன் குறைவாகவே கேட்பான். இளைஞர்களே! நீங்கள் எதற்காகக் கேட்கின்றீர்களோ, அதைச் சொல்லியே கேளுங்கள். கணக்குக் கொப்பியின் முதல் வரியில் யான் “விளையாட்டுக்கும் படிப்புக்கும்” என்று எழுதியிருந்தேன். அதைக் கண்ட அம்மா, மீதிப் பணத்தைத் திருப்பித் தந்து, “தங்கச்சிக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் குடு” என்றார்.