அவமதிப்பும் அகத்திண்மையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



பணியிடத்திலும் இல்லத்திலும் நேரும் துன்பங்களைத் தாங்கும் மனவுரம் குறித்துப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இப்பொருளில் அறிவுரை கூறுவோர் பெரும்பாலும் "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றே தொடங்குவர். பொறுமையில் நம் பாட்டன்மாரை விஞ்சியவர் எவருமிலர். அவர்களுள் எத்தனை பேர் பூமி ஆண்டனர் என்பதை இவ்வூர்ச் சிட்டாவைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம். ஆகவே பொறுமையின் பெருமையை நான் பாடப்போவதில்லை. பட்ட அவமதிப்பை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அண்ணல் அம்பேத்கர் 1917ஆம் ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பியவர் அவர். அத்தகையவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு, யாருமற்ற மேல்மாடியில் தனித்துத் தங்கினார். அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேசைமீது எறிந்தனர். பதினோராம் நாள் காலையில் தடியேந்திய பார்சிகள் ஒரு கூட்டமாகப் படியேறி வந்து, மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று மிரட்டினர். நண்பர் இருவரை நாடினார். இருவர் வீட்டிலும் இடமில்லை. பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்து, இரவு ரயிலேறிப் பம்பாய்க்குத் திரும்பினார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னரும் கண்ணீரின்றி அதனை நினைக்க இயலவில்லை என்று அவரே எழுதியுள்ளார்.

இளைஞர்களே, இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்மேதை அழுதார். அந்த வேலையையும் விட்டு வந்தார். நம் வீடுகளில் ஆண்பிள்ளை அழுதால் கேலி செய்கிறோம். வேலையை விட்டு வந்தவனைக் கோழை என்கிறோம். நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதே எனக்கு விளங்கவில்லை. மறு ஆண்டே அவர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதை உடன் பணியாற்றியோர் சிலர் தடுத்தனர். ஆனால் அச்சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் செல்ல வழி செய்துகொண்டார், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இல்லத்திலும் துயருக்குக் குறைவில்லை. நான்கு குழந்தைகளைச் சாவுக்குக் கொடுத்தார். 1935இல் ரமாபாய் அம்மையாரையும் இழந்தார்.

நம் மண்ணின் இரட்டைமலை சீனிவாசனார் வரலாறு வேறு வகையில் நமக்கு உதவும். கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், தம் சாதி தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என்று அஞ்சி, உடன் பயில்வோருடன் பழகாமலே ஒதுங்கியிருந்தார். பள்ளி மணி அடிக்கும் வரை வெளியே ஓரிடத்தில் அமர்ந்து படித்துக் கொண்டிருப்பாராம். 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை மறைக்காமல் சொல்கிறார். அந்த மாணவர்தான் 1893இல் சென்னையில் இதழ் தொடங்கியபோது, அதற்குப் "பறையன்" என்று பெயர் சூட்டினார். ஒதுங்கி நின்ற நாளுக்கும் அப்பெயரை அச்சேற்றிய நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் உள்ளன. இன்று கல்லூரியில் தம் ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் இக்கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள நான் ஒருபோதும் உடன்படேன்.

பெரியோர் கதை போதும். என் கதைக்கு வருகிறேன். 1979இல் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். தண்ணீர்ப் பானைக்கருகில் இருந்த குவளைகளில் எனக்கு இடமில்லை. சன்னலோரம் தனியே ஓர் அலுமினியக் குவளை வைத்தார்கள். வரைவில் ஓர் எழுத்துப் பிழை கண்டாலும் கண்காணிப்பாளர், "கோட்டாவில் வந்தால் இப்படித்தான்" என்று அறை முழுதும் கேட்கச் சொல்வார். நான் வாய் திறந்ததில்லை. திறக்காததைத் திண்மை என்று எண்ணி உள்ளூரப் பெருமையும் கொண்டிருந்தேன்.

1984இல் ஒரு மாலை, வாய்ப்பாட்டில் தவறிய என் மூத்த மகனை விசிறிக் காம்பால் அடித்தேன். எட்டு வயதுப் பிள்ளை. ஏழாம் வாய்ப்பாடு அத்துணை பெருங்குற்றமா? என் துணைவியார் அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, சோற்றுப் பாத்திரத்தைக் கையில் தரும்போது, "ஆபீசில் உங்களை யார் அடித்தார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அக்கேள்வி என் காதில் நிற்கிறது. அதிகாரியிடம் வாங்கியதைப் பிள்ளையின் முதுகில் இறக்கியிருக்கிறேன். சிலர் அதைச் சாராயக் கடையில் இறக்குகிறார்கள். சிலர் மனைவியின் கன்னத்தில் இறக்குகிறார்கள். அன்று மாலை திண்ணையில் அமர்ந்து அனைத்தையும் அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்தபின் அவர் தம்முடையதைச் சொன்னார். அவர் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். அவர் கை பட்ட சோற்றை உண்ணலாகாது என்று பிள்ளைகளை அழைத்துப்போன பெற்றோர் சிலர் உண்டாம். ஓராண்டுக்கு மேல் நடந்த செய்தி. ஒரே கூரையின்கீழ் இருந்த எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

அதன்பின் அவர் யோசனைப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். இன்ன நாள், இன்ன நேரம், இன்னார் சொன்ன சொல், அருகில் இருந்தவர் யார் என்று மட்டும் எழுதுவேன், புலம்பல் எழுதுவதில்லை. இன்று உங்களுக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அன்று எங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டந்தான். எந்தச் சட்டமானாலும் நாளும் இடமும் சாட்சியும் கேட்கும். 1987இல், நான் கோப்பைத் தாமதித்ததாகக் குறிப்பாணை வந்தது. நோட்டைக் கொண்டே பதில் எழுதினேன். விசாரணைக்கு வந்த அதிகாரி இருமுறை படித்தார். குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. குவளை மட்டும் நான் மாறுதலாகிப் போகும் வரை அச்சன்னலிலேயே இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் நான் பொய் பேசியவனாவேன்.

என் மகன் இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டது அவனுக்கு முப்பது வயதானபின். அவ்வளவு காலம் பிடித்தது.

செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் பெண்களும் வாரம் ஒருநாள், மாலை வகுப்பு முடிந்தபின், தத்தம் இடத்தில் நடந்ததை அமர்ந்து பேச இக்கட்டிடத்தின் பின்னறையைத் திறந்துவிடுங்கள். பேசுவது வெளியே போகக்கூடாது. அறிவுரை கூறுவோர்க்கு அங்கே அனுமதி வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான். பாயும் விளக்கும் என் பொறுப்பு. நோட்டுப் புத்தகங்களை என் துணைவியார் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.